டிக்ளைன் பெஞ்ச் யாருக்கு வேண்டும்?

பெரும்பாலான ஜிம்களில் டிக்ளைன் பெஞ்ச், அதாவது தலைப்பக்கம் தாழ்ந்த சாய்வுப் பெஞ்ச், ஒரு மூலையில்தான் கிடக்கும். காலை மாட்டிக்கொண்டு சிட்-அப்ஸ் எடுப்பவர்கள் அதைத் தேடிப் போவார்கள். மற்ற நேரங்களில் அதன்மேல் துண்டும் தண்ணீர் பாட்டிலும் இருக்கும். ஆனால் பயிற்சி முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் பையன்கள் கேட்பது என்னவோ அதைப் பற்றித்தான். "அண்ணே, லோயர் செஸ்ட் வரவே மாட்டேங்குது. டிக்ளைன்ல டம்பெல் அடிச்சா வருமா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிக்ளைன் டம்பெல் பிரஸ் நல்ல பயிற்சி, ஆனால் கட்டாயப் பயிற்சி இல்லை. தோள்பட்டை தொந்தரவு செய்கிற சிலருக்கு மிகவும் பொருந்தும். இன்னும் சிலர் அந்தப் பெஞ்சில் தலை வைத்துப் படுக்கவே கூடாது. நீங்கள் இதில் எந்தப் பக்கம் என்பது தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

நெஞ்சில் கை வைத்தால் தட்டுப்படும் பெரிய தசை ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் பெக்டொராலிஸ் மேஜர். ஜிம்மில் அப்பர், மிடில், லோயர் என்று மூன்றாகப் பேசுகிறோம். உடற்கூறியலில் முக்கியமாக இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, கழுத்துக்குக் கீழே குறுக்காக ஓடும் காறை எலும்பிலிருந்து கிளம்பும் மேல்பகுதி. மற்றொன்று நடு நெஞ்செலும்பு, முதல் ஆறு விலாக்களின் குருத்தெலும்புகள், வயிற்றின் பக்கவாட்டுத் தசையின் மேலுறை ஆகியவற்றிலிருந்து கிளம்பும் பெரிய பகுதி. இழைகள் இப்படிப் பல இடங்களில் தொடங்கினாலும், பனையோலை விசிறியின் மடிப்புகள் காம்பில் வந்து கூடுவதுபோல எல்லாம் மேல்கை எலும்பின் மேல்முனைக்குச் சற்றுக் கீழே ஒரே இடத்தில் வந்து பற்றிக்கொள்கின்றன. மேல் இழைகள் தோளை நோக்கிக் கீழ்வாட்டமாக இறங்குகின்றன. நடு இழைகள் ஏறக்குறையக் கிடையாகப் போகின்றன. கீழ் இழைகள் விலாவிலிருந்து தோளை நோக்கி மேலே ஏறுகின்றன. லோயர் செஸ்ட் என்று நாம் சொல்வது இந்தக் கடைசி இழைகளைத்தான்.

இனி பெஞ்சுக்கு வருவோம். கையில் இருக்கும் டம்பெல்லுக்குத் தெரிந்த ஒரே திசை தரை. நீங்கள் எந்தக் கோணத்தில் படுத்தாலும் அது நேர் கீழேதான் இழுக்கும், நீங்களும் நேர் மேலேதான் தள்ள வேண்டும். தட்டையான பெஞ்சில் படுத்துக் கையை நேராக நீட்டினால் கைக்கும் உடம்புக்கும் இடையே 90 டிகிரி. பெஞ்சின் தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்தினால், அதாவது இன்க்ளைனில், அது 120 டிகிரி ஆகிறது. தோளின் முன்தசையும் நெஞ்சின் மேல்பகுதியும் கூடுதலாக உழைக்க வேண்டி வருகிறது. தலைப்பக்கத்தை 20 டிகிரி இறக்கினால் கோணம் 70 ஆகக் குறைகிறது. அப்போது கை போகும் திசை இடுப்பை நோக்கிச் சாய்கிறது, கீழ் இழைகள் இழுக்கும் திசைக்கு அருகில் வருகிறது. டிக்ளைன் லோயர் செஸ்ட்டுக்கு நல்லது என்ற பேச்சுக்கு அடிப்படை இவ்வளவுதான். அடிப்படை சரியானதே. அது எவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் கொடுக்கிறது என்பதில்தான் ஜிம் பேச்சு எல்லை மீறிப் போய்விடுகிறது.

இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். தசையின்மேல் மின்முனைகளை ஒட்டி, அது சுருங்கும்போது எழும் மின்குறியைப் பதிவு செய்யும் ஈ.எம்.ஜி முறையில் 1995-ல் பார்னெட், கிப்பர்ஸ், டர்னர் மூவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நெஞ்செலும்பிலிருந்து கிளம்பும் அந்தப் பெரிய பகுதி அதிகம் வேலை செய்தது தட்டைப் பெஞ்சில்தான், டிக்ளைனில் அல்ல. 1997-ல் கிளாஸும் ஆம்ஸ்ட்ராங்கும் 30 டிகிரி இன்க்ளைனையும் 15 டிகிரி டிக்ளைனையும் ஒப்பிட்டார்கள். கீழ் நெஞ்சு டிக்ளைனில் கூடுதலாக இயங்கியது. டிக்ளைனுக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் எல்லாரும் எடுத்துக்காட்டுவது இந்த ஆய்வைத்தான். ஆனால் அந்த ஒப்பீட்டில் தட்டைப் பெஞ்ச் இல்லவே இல்லை. இன்க்ளைனைவிட டிக்ளைன் கீழ் நெஞ்சுக்கு நல்லது என்பது உண்மை. அதை வைத்துக்கொண்டு தட்டையைவிட நல்லது என்று சொல்ல முடியாது.

2017-ல் நார்வேயின் சேட்டர்பாக்கனும் குழுவினரும் போட்டிகளில் பெஞ்ச் பிரஸ் செய்பவர்களையே சோதித்தார்கள். தட்டை, 25 டிகிரி ஏற்றம், 25 டிகிரி இறக்கம் என மூன்றிலும் 6 முறை மட்டுமே தூக்க முடிகிற எடையைக் கொடுத்துப் பார்த்தார்கள். தட்டையிலும் இறக்கத்திலும் தூக்கிய எடை ஏறக்குறைய ஒன்றாக இருந்தது, ஏற்றத்தில் சுமார் 20 விழுக்காடு குறைந்தது. நெஞ்சுத் தசையின் இயக்கத்தில் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. மின்குறியின் அளவை வைத்து மட்டும் தசை இவ்வளவு வளரும் என்று சொல்லிவிட முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆனாலும் இந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் என் முடிவு இது: ஃப்ளாட் பிரஸ்ஸை ஒழுங்காக, ஆழமாக, தொடர்ந்து செய்கிற ஒருவருக்கு லோயர் செஸ்ட் பட்டினி கிடக்காது.

அப்படியானால் டிக்ளைன் எதற்கு? முதல் காரணம் தோள்பட்டை. இன்க்ளைனில் கை தலைக்கு மேலே போகும் திசையை நோக்கிச் செல்கிறது. தோளின் முன்பக்கம் ஏற்கெனவே உரசலும் வலியுமாக இருப்பவர்களுக்கு அங்கேதான் சுருக்கென்று பிடிக்கும். டிக்ளைனில் கை அந்தப் பக்கமே போவதில்லை. முன்தோள் தசையின் பங்கும் குறைகிறது. ஃப்ளாட்டில்கூட வலிக்கிறது என்று விட்டுவிட்ட பலர், 15 டிகிரி இறக்கியதும் வலியில்லாமல் அழுத்த முடிகிறது என்று சொல்வதைப் பார்க்கலாம். இது சிகிச்சை ஆகிவிடாது. வலி நீடித்தால் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டத்தான் வேண்டும். ஆனால் நெஞ்சுக்கு வேலை கொடுப்பதை நிறுத்தாமல் இருக்க இது ஒரு வழி.

டிக்ளைனை நம்பியவர்களில் பெரிய பெயரும் உண்டு. 1992 முதல் 1997 வரை ஆறு முறை மிஸ்டர் ஒலிம்பியா உடற்கட்டுப் பட்டம் வென்ற இங்கிலாந்தின் டோரியன் யேட்ஸ் நெஞ்சுக்கு டிக்ளைன் பார்பெல் பிரஸ்ஸையே விரும்பிச் செய்தவர். அவர் வைத்துக்கொண்ட இறக்கம் மிதமானதுதான். அவர் படத்தைப் பார்த்துவிட்டுத் தலைகீழாகத் தொங்கும் அளவுக்குப் பெஞ்சை இறக்குபவர்கள் அதைக் கவனிப்பதில்லை.

இரண்டாவது காரணம் டம்பெல்லோடு சேர்ந்தது. டிக்ளைன் பார்பெல்லில் ஒரு குறை உண்டு. நெஞ்சு மேலெழுந்து நிற்பதால் கம்பி சீக்கிரமே நெஞ்சில் முட்டிவிடும், கை இறங்கும் தூரம் குறைந்துவிடும். டம்பெல்லுக்கு அந்தத் தடை கிடையாது. நெஞ்சின் இரு பக்கமும் அது இறங்க இடம் இருக்கிறது, தசை நன்றாக நீளும். தசை நீண்ட நிலையில் சுமை தாங்குவது வளர்ச்சிக்கு உதவும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. மணிக்கட்டைத் தோளுக்கு வசதியான கோணத்தில் திருப்பிக்கொள்ளலாம், உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும்படிகூடப் பிடிக்கலாம். வலது கை இடது கையின் வேலையைத் திருட முடியாது. எடை மிஞ்சிப்போனால் கழுத்தின்மேல் கம்பி விழுந்து மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் இல்லை.

டம்பெல்லுக்குக் கொடுக்கும் விலையும் இருக்கிறது. சேட்டர்பாக்கன் 2011-ல் செய்த இன்னோர் ஆய்வில், பார்பெல்லைவிட டம்பெல்லில் மொத்த எடை 17 விழுக்காடு குறைவாகத்தான் தூக்க முடிந்தது, மேல்கையின் பின்தசையான ட்ரைசெப்ஸின் பங்கும் குறைந்தது. நெஞ்சின் வேலை குறையவில்லை. எனவே எடை குறைந்துவிட்டதே என்று நெஞ்சைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எடை கூட்டுவதுதான் சிரமம். ஜிம் ரேக்கில் டம்பெல்கள் இரண்டரை கிலோ படியில் ஏறும். இரண்டு கைக்கும் சேர்த்தால் ஒரே தாவலில் 5 கிலோ.

இப்போது இந்தப் பயிற்சியின் மிகப் பெரிய பிரச்சினைக்கு வருகிறேன். அது அழுத்துவதில் இல்லை, ஆரம்பிப்பதிலும் முடிப்பதிலும் இருக்கிறது. ஃப்ளாட்டிலும் இன்க்ளைனிலும் டம்பெல்லைத் தொடையில் வைத்து உட்கார்ந்து, முழங்காலால் ஓர் உந்து உந்தி நெஞ்சருகே கொண்டுவந்துவிடலாம். டிக்ளைனில் கால்கள் ரோலருக்குள் மாட்டியிருக்கும், முழங்கால் உதவாது. டம்பெல்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் சரிந்து படுக்க வேண்டும். அந்தச் சரிவை வயிற்றுத் தசைதான் பிடித்து நிறுத்த வேண்டும். செட் முடிந்து கை ஓய்ந்த பிறகு, அதே டம்பெல்களோடு மேட்டை நோக்கி எழுந்து உட்கார வேண்டும். 10 கிலோ வரை இது பிரச்சினையாகத் தோன்றாது. 22, 25 கிலோ என்று போகும்போது எழுந்திருப்பது அழுத்துவதைவிடக் கடினமாகிவிடும்.

எழ முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள்? இரண்டு பக்கமும் டம்பெல்லைப் போட்டுவிடுகிறார்கள். ஜிம் உரிமையாளர் திட்டுவார் என்பது இருக்கட்டும். கை விரிந்த நிலையில் கனம் இழுக்கும்போது தோள் பின்னோக்கி முறுக்கிக்கொள்ளும். எந்தத் தோளைக் காப்பாற்ற டிக்ளைனுக்கு வந்தோமோ அதே தோள் அங்கே அடிபடும். பக்கத்தில் நிற்பவரின் பாதத்தில் விழுந்தாலும் ஆபத்து. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கோணத்தில் களைத்த கை தலைப்பக்கமாகச் சாய்ந்தால் டம்பெல் முகத்துக்கு மேலே வந்து நிற்கும். அதனால்தான் டிக்ளைனில் துணைக்கு ஆள் வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். ஆள் இல்லை என்றால் சுலபமாக எழுந்து உட்கார முடிகிற எடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த எடை உங்கள் நெஞ்சுக்குக் குறைவாகப்பட்டால் அன்றைக்கு ஃப்ளாட் பெஞ்சுக்குப் போய்விடுங்கள்.

இரண்டாவது பிரச்சினை, தலை இதயத்துக்குக் கீழே இருப்பது. கனமான எடையை மூச்சை அடக்கித் தள்ளும்போது யாருக்கும் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். தலைகீழ்ச் சாய்வில் தலைக்குள்ளும் கண்ணுக்குள்ளும் அழுத்தம் மேலும் கூடுகிறது. ஆரோக்கியமான 20 வயதுப் பையனுக்கு முகம் சிவந்து, எழுந்ததும் ஒரு நொடி கிறுகிறுப்பதோடு அது போய்விடும். பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்கள், கண்ணில் நீர் அழுத்தம் இருப்பவர்கள், சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் நிலை வேறு. கிளாக்கோமா எனும் அந்தக் கண் நீர் அழுத்தம் இருப்பவருக்குத் தலைகீழ் நிலை கண் நரம்புக்குக் கெடுதல். விழித்திரையில் புதிய மெல்லிய ரத்தக் குழாய்கள் முளைத்திருக்கும் சர்க்கரை நோயாளிக்கு, மூச்சடக்கித் தூக்கும் கனம் கண்ணுக்குள் ரத்தக் கசிவை உண்டாக்கலாம். நாற்பதைத் தாண்டி, டாக்டர் எடை தூக்கச் சொன்னார் என்று ஜிம்முக்கு வருகிறவர்களை இன்று நிறையப் பார்க்கிறோம். அவர்களைக் கேட்காமல் டிக்ளைனில் படுக்கவைக்கும் மாஸ்டர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. ஒரு நிமிடம் விசாரித்தால் போதும், அந்த ஆபத்தைத் தவிர்த்துவிடலாம்.

நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் இது ஒத்துவராது. வயிறு மேலே, தொண்டை கீழே என்று படுத்தால் அமிலம் வருகிற வழி சொல்லாமலே தெரியும். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் இரண்டு மணி நேரமாவது போகட்டும். குடலிறக்கம் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தொட வேண்டாம்.

சரி, டிக்ளைன் பெஞ்சே இல்லாத ஜிம்மில் என்ன செய்வது? இதில் பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். காலைத் தூக்கிப் பெஞ்சில் வைத்துத் தண்டால் எடுத்தால் அது டிக்ளைன் புஷ்-அப் என்று பெயர் பெறுகிறது. ஆனால் வேலை போவது இன்க்ளைன் பிரஸ்ஸைப்போல நெஞ்சின் மேல்பகுதிக்கும் தோளுக்கும். கையைப் பெஞ்சில் ஊன்றிக் காலைத் தரையில் வைத்து எடுத்தால்தான் கை போகும் திசை டிக்ளைன் பிரஸ்ஸோடு ஒத்துப்போகும். அது சுலபமாக இருப்பதால் யாரும் மதிப்பதில்லை. முதுகில் கனமான ஒரு பையை மாட்டிக்கொண்டு நிதானமாக இறங்கிப் பாருங்கள்.

இணைக் கம்பியில் முன்பக்கம் சாய்ந்து செய்யும் டிப்ஸ், கீழ் இழைகளுக்குக் கடுமையான வேலை கொடுக்கும். தோள் தாங்கினால் டிக்ளைனைவிட எனக்கு அதுவே உயர்ந்ததாகப் படுகிறது, தாங்காதவர்கள் இறங்கும் ஆழத்தைக் குறைக்க வேண்டும். உயரத்திலிருந்து கீழ்நோக்கி இழுக்கும் கேபிள் க்ராஸ் ஓவரும் இதே பலனைத் தலையைக் கீழே போடாமல் தருகிறது. பிரஷர் உள்ளவர்களுக்கு நான் காட்டுவது அதைத்தான், மூச்சை அடக்காமல் மிதமான எடையில். ஃப்ளாட் பெஞ்சில் தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் கூட்டி, நெஞ்சை உயர்த்திப் படுத்தால் அந்த வளைவே உங்களைக் கொஞ்சம் டிக்ளைன் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். பவர்லிஃப்டர்கள் பெஞ்சில் வளைந்து படுப்பதில் நடப்பதும் இதுதான். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ஃப்ளாட் பெஞ்சின் ஒரு காலுக்கடியில் வெயிட் பிளேட்டுகளை அடுக்கி டிக்ளைனாக மாற்றும் வழக்கம் சில ஜிம்களில் இருக்கிறது. செட்டின் நடுவே பிளேட் வழுக்கினால் பெஞ்சோடு சேர்ந்து நீங்களும் சாய்வீர்கள்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் செய்ய விரும்பினால் முறையைச் சொல்கிறேன். சாய்வு 15 முதல் 20 டிகிரி போதும். கைபேசியில் மட்டம் பார்க்கும் வசதி இருக்கும், அதைப் பெஞ்சின்மேல் வைத்து அளந்துவிடலாம். 30-க்கு மேல் போனால் நெஞ்சுக்குக் கிடைப்பது கூடாது, தலைக்கு ஏறும் ரத்தம்தான் கூடும். செஸ்ட் நாளில் முதலில் ஃப்ளாட், அடுத்து இன்க்ளைன், மூன்றாவதாக இது. ஃப்ளாட்டில் 20 கிலோ டம்பெல் அடிப்பவர் இங்கே 12 அல்லது 15-ல் தொடங்கட்டும். காலை ரோலரில் இறுக்கமாக மாட்டிக்கொண்டு, டம்பெல்களை நெஞ்சோடு வைத்தபடி மெல்லப் படுங்கள். கனமானால் படுத்த பிறகு துணையாளர் ஒவ்வொன்றாகக் கையில் கொடுக்கட்டும், முடிந்ததும் அவரே வாங்கிக்கொள்ளட்டும். துணையாளர் பிடிக்க வேண்டிய இடம் மணிக்கட்டு. முழங்கையைத் தாங்கினால் டம்பெல் உள்பக்கம் மடிந்து முகத்தில் விழ வாய்ப்பு இருக்கிறது.

முழங்கைகள் உடம்பிலிருந்து 45 டிகிரி அளவில் விலகியிருக்கட்டும். கீழ் நெஞ்சின் பக்கவாட்டுக்கு இரண்டு மூன்று நொடி எடுத்து இறக்குங்கள், தோளுக்கு நேர் மேலே தள்ளுங்கள். மேலே போனதும் டம்பெல்களை டங்கென்று முட்டுவதில் ஒரு லாபமும் இல்லை, அந்த இடத்தில் நெஞ்சுக்குச் சுமையே குறைவு. இறக்கும்போது மூச்சை இழுத்து, தள்ளும்போது விடுங்கள். 8 முதல் 12 ரெப், 3 செட். இன்னும் ஒன்றிரண்டு ரெப் முடியும் என்ற நிலையிலேயே நிறுத்துங்கள். எழுந்தவுடன் நிற்காமல் சற்று உட்கார்ந்துவிட்டு இறங்குங்கள்.

கடைசியாக, கேட்கிறவர்கள் வெளியே சொல்லாத ஒன்று இருக்கிறது. லோயர் செஸ்ட் வரவில்லை என்று கேட்கும் பல பையன்களுக்கு உண்மையில் இருக்கும் வருத்தம், மார்பு தொங்கினாற்போல் தெரிகிறது என்பது. டி-ஷர்ட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொள்வார்கள், குளத்தில் இறங்க மாட்டார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: அங்கே இருப்பது கொழுப்பு என்றால் டிக்ளைன் பிரஸ் அதைக் கரைக்காது. ஓர் இடத்துத் தசைக்கு வேலை கொடுத்து அந்த இடத்துக் கொழுப்பை மட்டும் எடுக்க முடியாது. சாப்பாட்டின் அளவைக் குறைத்து, மொத்த எடையை மெல்ல இறக்கினால் அதுவும் சேர்ந்து இறங்கும்.

கொழுப்பாக இல்லாமல், காம்புக்கு அடியில் கெட்டியான வட்டமாகத் தட்டுப்பட்டால் அது கைனகோமாஸ்டியாவாக இருக்கலாம். அது ஹார்மோன் சமநிலை மாறுவதால் வளரும் சுரப்பித் திசு. பதின்வயதில் மிகச் சாதாரணமாக வருவது, பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தானாக மறைவது. சில மாத்திரைகளாலும் வரும். சீக்கிரம் உடம்பு ஏற வேண்டும் என்று போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு ஊசியாலும் வரும். உள்ளே போகும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கை உடம்பே ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. எந்தக் கோணத்தில் பெஞ்சை வைத்தாலும் இந்தத் திசு போகாது. கட்டி வலித்தாலோ, ஒரு பக்கம் மட்டும் பெருத்தாலோ, காம்பிலிருந்து நீரோ ரத்தமோ கசிந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். வெட்கப்பட்டுக்கொண்டு இன்னும் நான்கு செட் சேர்ப்பதை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள். அரசு மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவிலும் இதைப் பார்க்கிறார்கள்.